கல்ச்சர் தட்டில் நாம் ஊற்றும் உத்தரவு

வளர்ந்த எலியின் உணர்வு நரம்பு செல்களைத் தட்டில் வளர்க்கும் செய்முறை எதை எடுத்தாலும் ஒரு வரி கண்ணில் படும்: "மீடியத்தில் என்.ஜி.எஃப்., மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 நானோகிராம்." மீடியம் என்பது செல் வளரும் ஊட்டக் கரைசல், என்.ஜி.எஃப். என்பது நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம். அதை ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்டால் பதில் உடனே வரும்: "இல்லாவிட்டால் செல் செத்துவிடும்." கருவிலிருந்து எடுத்த செல்லுக்கு இந்தப் பதில் சரி. வளர்ந்த விலங்கின் செல்லுக்குத் தவறு. தவறு என்பது 1988-லேயே தெரிந்துவிட்டது. அப்படியும் அந்த வரி செய்முறைக்குச் செய்முறை நகலெடுக்கப்பட்டு வந்துகொண்டே இருக்கிறது.

தேவையில்லாமல் சேர்த்த ஒரு வைட்டமின் போல அது சும்மா கிடந்தால் யாரும் கவலைப்பட வேண்டாம். ஆனால் அது சும்மா கிடப்பதில்லை. வலியை ஆராய்பவர்கள் அந்தத் தட்டில் எதையெல்லாம் அளக்கப் போகிறார்களோ, அதையெல்லாம் மாற்றிவிடுகிறது: வலிச் சேதி சொல்லும் பெப்டைடுகளான (சிறு புரதங்கள்) சப்ஸ்டன்ஸ் பி எவ்வளவு இருக்கிறது, சி.ஜி.ஆர்.பி. எவ்வளவு வெளியே வருகிறது, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினுக்கு எத்தனை செல் பதில் சொல்கிறது, பி.டி.என்.எஃப். என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி எவ்வளவு உற்பத்தியாகிறது. அளவுகோலையே நீட்டி வைத்துவிட்டுத் துணியை அளப்பது போன்ற காரியம் இது. இந்த ஒரு வரியைச் சரியாகப் புரிந்துகொண்டால், வளர்ச்சிக் காரணிகள் உணர்வு நரம்பில் என்ன வேலை செய்கின்றன என்பதில் பாதி புரிந்துவிடும்.

பெயர் வந்த வழி

குழப்பத்துக்கு மூலம் பெயர்தான். என்.ஜி.எஃப். என்றால் நரம்பு வளர்ச்சிக் காரணி. ரீட்டா லெவி-மொண்டால்சினி 1950களின் தொடக்கத்தில் அதைக் கண்டது கோழிக் கருவில். சுண்டெலியின் சார்கோமா கட்டியைக் கருவில் பொருத்தியபோது உணர்வு நரம்பு முடிச்சுகளும் பரிவு நரம்பு முடிச்சுகளும் அளவுக்கு மீறிப் பெருத்தன. கட்டித் துண்டின் அருகில் முடிச்சை வைத்து வளர்த்தால், ஒரே நாளுக்குள் நரம்பிழைகள் ஒளிவட்டம் போல அதைச் சுற்றி முளைத்தன. அந்தப் பொருள் நியூக்ளிக் அமிலமா என்று சோதிக்க ஸ்டான்லி கோஹென் பாம்பு விஷத்தின் நொதியைச் சேர்த்தார். விஷமோ கட்டியைவிடப் பல மடங்கு வீரியமாக நரம்பை முளைக்க வைத்தது. விஷச் சுரப்பிக்கு நிகரான உறுப்பு உமிழ்நீர்ச் சுரப்பி என்ற ஊகத்தில் ஆண் சுண்டெலியின் சுரப்பியைப் பார்த்தபோது, அங்கே அது குவிந்து கிடந்தது. இருவருக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. முளைத்தல், பெருத்தல், பிழைத்தல் எல்லாம் கருவில் கண்டவை. பெயரும் கருவில் இடப்பட்டதுதான்.

கருவில் இதன் பணி இரக்கமற்றது. தேவைக்கு அதிகமாக நரம்பு செல்கள் பிறக்கின்றன. தோலையும் தசையையும் சென்றடைந்து, அங்கே சுரக்கும் சொற்பக் காரணியைப் பிடித்துக்கொண்டவை பிழைக்கின்றன, மற்றவை மடிகின்றன. இந்தப் படம் பாடப்புத்தகங்களில் அவ்வளவு அழுத்தமாகப் பதிந்துவிட்டதால், வளர்ந்த உடலிலும் என்.ஜி.எஃப். என்றால் செல்லுக்கு ஊட்டப்படும் உணவு என்ற எண்ணம் மாறாமல் நின்றுவிட்டது.

1988

ரொனால்டு லிண்ட்சே வளர்ந்த எலியின் முதுகுவேர் முடிச்சுகளைப் பிரித்துத் தட்டில் போட்டார். முதுகுத்தண்டின் பக்கத்தில் உணர்வு நரம்பு செல்களின் உடல்கள் திரண்டிருக்கும், டி.ஆர்.ஜி. என்று ஆய்வகங்களில் சொல்லப்படும் முடிச்சுகள்தான் இவை. ஒரு தொகுதிக்கு என்.ஜி.எஃப். கொடுத்தார், இன்னொன்றுக்குக் கொடுக்கவில்லை. இரண்டும் வாரக்கணக்கில் பிழைத்திருந்தன. கொடுக்காத தட்டிலும் செல்கள் இழை நீட்டின. பெயரின்படி பார்த்தால் நடக்கக் கூடாத ஒன்று நடந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். "வளர்ந்த செல்லுக்கு என்.ஜி.எஃப். தேவையில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். ஆனால் வளர்ந்த எலியின் முதுகுவேர் முடிச்சில் ஏறக்குறைய 40 சதவீத செல்கள் டிர்க்-ஏ என்ற என்.ஜி.எஃப். ஏற்பியைத் தாங்கியே நிற்கின்றன. தோலும் என்.ஜி.எஃப்.-ஐச் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. கடிதம் வருகிறது, வாங்கிப் படிக்க ஆளும் இருக்கிறது. பிழைப்பு பற்றிய கடிதம் இல்லையென்றால் அதில் எழுதியிருப்பது என்ன?

பதில் இரண்டு பக்கமாக வந்தது. என்.ஜி.எஃப். இல்லாத தட்டுச் செல்கள் கேப்சைசினுக்குப் பதில் சொல்லும் திறனை நாளடைவில் இழந்தன. மறுபடி கொடுத்தால் திறன் திரும்பியது. இது 1988-இல். அடுத்த ஆண்டு லிண்ட்சேயும் அந்தோணி ஹார்மரும் பெப்டைடு மரபணுக்களைப் பார்த்தார்கள். என்.ஜி.எஃப். கொடுத்த தட்டில் சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி. இரண்டுக்குமான முன்னோடிப் புரதங்களின் தூது ஆர்.என்.ஏ. ஏறியிருந்தது. எடுத்துவிட்டால் இறங்கியது. செல்லின் எண்ணிக்கை மாறவில்லை, செல் பேசும் மொழிதான் மாறியது.

சப்ஸ்டன்ஸ் பி 11 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. சி.ஜி.ஆர்.பி. 37 கொண்டது. வலியை உணரும் நரம்பு முதுகுத்தண்டில் அடுத்த செல்லுக்குச் சேதி சொல்வதும், தோலில் இரத்தக் குழாயை விரித்துச் சிவக்க வைப்பதும், நீர் கோத்து வீங்க வைப்பதும் இவற்றைக் கொண்டுதான். எவ்வளவு என்.ஜி.எஃப். வருகிறதோ அதற்கேற்ப இவற்றின் இருப்பை நரம்பு கூட்டிக் குறைக்கிறது என்றால், தோலின் நிலைமையை நரம்புக்கு அன்றாடம் எடுத்துச் சொல்லும் தூதாக என்.ஜி.எஃப். ஆகிவிடுகிறது. அழற்சி வந்த திசுவில் அது ஏறுகிறது. 1990களின் நடுவில் விலங்குகளில் என்.ஜி.எஃப்.-ஐ ஆன்டிபாடியால் தடுத்துப் பார்த்தபோது அழற்சியின் மிகைவலி பெருமளவு அடங்கியது. நரம்பு வெட்டுப்பட்டால் நேர்மாறாக நடக்கிறது. தோலோடு தொடர்பு அறுந்து, என்.ஜி.எஃப். வரத்து நின்று, இரண்டு பெப்டைடுகளும் குறைகின்றன. கேலனின், வி.ஐ.பி., என்.பி.ஒய். என்று வேறு பெப்டைடுகள் எழுகின்றன. வெட்டிய நரம்புக்கு வெளியிலிருந்து என்.ஜி.எஃப். கொடுத்தால் இந்த மாற்றங்களில் கணிசமான பகுதி திரும்புகிறது.

அப்படியானால் வளர்ந்த செல் எதை நம்பிப் பிழைக்கிறது என்ற கேள்வி மிஞ்சும். ஒரு பகுதி விடை 1995-இல் வந்தது: சில வளர்ந்த உணர்வு செல்கள் பி.டி.என்.எஃப்.-ஐத் தாமே சுரந்து தாமே ஏற்றுக்கொள்கின்றன. அந்தச் சுழற்சியை உடைத்தால் அவை மடிகின்றன.

விரல் நுனியிலிருந்து உட்கருவுக்கு

என்.ஜி.எஃப். 118 அமினோ அமிலச் சங்கிலி. இரண்டு சங்கிலிகள் ஜோடி சேர்ந்தே வேலை செய்யும், அந்த ஜோடியின் எடை சுமார் 26 கிலோடால்டன். நரம்பு முனையில் அது இரண்டு டிர்க்-ஏ ஏற்பிகளை இழுத்துச் சேர்க்கிறது. சேர்ந்த ஏற்பிகள் ஒன்றின் டைரோசின்களில் மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. 490-ஆம் டைரோசினில் ஷிசி என்ற இணைப்புப் புரதம் வந்து அமர்கிறது. அங்கிருந்து சேதி ராஸ், ராஃப், மெக், எர்க் என்ற புரதங்களின் வழியே கைமாறுகிறது. 785-இல் பி.எல்.சி.-காமா என்ற நொதி வந்து அமர்கிறது. பி.ஐ.3-கைனேஸ் வழி தனியே போகிறது (கைனேஸ் என்றால் பாஸ்பேட் ஏற்றும் நொதி). பி75 என்ற இன்னொரு ஏற்பி டிர்க்-ஏயின் பிடிப்பைக் கூர்மையாக்குகிறது, முதிராத என்.ஜி.எஃப்.-க்கு வேறு விதமாகப் பதில் சொல்கிறது. அது தனிக் கதை.

இங்கே முக்கியமானது தூரம். மனிதக் கால் விரலிலிருந்து இடுப்பு மட்டத்து முடிச்சு வரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர். நுனியில் ஏற்றிய பாஸ்பேட் தானாக அவ்வளவு தூரம் பரவ வழியில்லை. அதனால் என்.ஜி.எஃப்.-ஐப் பிடித்த டிர்க்-ஏ, சவ்வோடு உள்ளே மடிந்து ஒரு சிறு பையாகிறது. டைனீன் மோட்டார் அந்தப் பையை நுண்குழாய் வழியே மணிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் செல் உடலுக்கு இழுத்து வருகிறது. வரும் வழியெல்லாம் ஏற்பி செயலில்தான் இருக்கிறது. உட்கருவை அடைந்ததும் கிரெப் போன்ற படியெடுப்புக் காரணிகளுக்குப் பாஸ்பேட் ஏறுகிறது, பெப்டைடு மரபணுக்கள் படியெடுக்கப்படுகின்றன. சி.ஜி.ஆர்.பி. விஷயத்தில் இன்னொரு படி உண்டு. ஒரே மரபணுவின் ஆர்.என்.ஏ.-வைத் தைராய்டு செல் ஒரு விதமாக வெட்டி ஒட்டிக் கால்சிடோனின் செய்கிறது. நரம்பு செல் வேறு விதமாக வெட்டி ஒட்டி சி.ஜி.ஆர்.பி. செய்கிறது. செய்த பெப்டைடு அடர்மையப் பைகளில் அடைபட்டு, வந்த தூரமெல்லாம் திரும்பவும் நடந்து, தோலுக்கும் முதுகுத்தண்டுக்கும் போய்ச் சேர வேண்டும். ஆக, பெப்டைடு இருப்பு மாறுவதற்கு நாட்கள் ஆகும்.

ஆனால் என்.ஜி.எஃப். ஊசியிட்ட தோல் சில நிமிடங்களிலேயே சூட்டுக்குக் கூச ஆரம்பிக்கிறது. இது வேறு கடிகாரம். நுனியிலேயே பி.ஐ.3-கைனேஸ் வழியாகச் சார்க் கைனேஸ், சூட்டுக்கும் கேப்சைசினுக்கும் திறக்கும் டி.ஆர்.பி.வி.1 என்ற அயனி வாய்க்காலுக்குப் பாஸ்பேட் ஏற்றி, அதைச் சவ்வுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. உட்கருவுக்குச் சேதி போகவே வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அழற்சி வந்த எலியின் முடிச்சில் பி38 கைனேஸ் வழியாக டி.ஆர்.பி.வி.1 புரதம் கூடுகிறது, தூது ஆர்.என்.ஏ. கூடுவதில்லை. இருக்கும் ஆர்.என்.ஏ.-விலிருந்து அதிகப் புரதம் செய்து நுனிக்கு அனுப்புகிறது. ஒரே காரணி, ஒரே ஏற்பி, மூன்று வேகம். "என்.ஜி.எஃப். வலியைக் கூட்டுகிறது" என்று ஒற்றை வரியில் எழுதும்போது இந்த மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

தட்டில் இன்னொரு சிக்கல். அங்கே தூரமே கிடையாது. இழையும் செல் உடலும் ஒரே குளத்தில் மிதக்கின்றன, காரணி இரண்டையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. பையில் ஏறி வந்த சேதியா, செல் உடலின் மேற்பரப்பில் கிடைத்த சேதியா என்று பிரிக்க வேண்டுமானால் காம்பெனாட் அறை போல இழையையும் உடலையும் தனித்தனித் தொட்டியில் வைக்கும் அமைப்பு வேண்டும்.

தட்டைத் தயாரிக்கும்போது

வளர்ந்த எலியின் முதுகெலும்பைத் திறந்தால் எல்லா மட்டங்களிலுமாக 40 முடிச்சுகளுக்குக் குறையாமல் எடுக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கும் வேர்த் துண்டுகளை நுண்ணோக்கியின் கீழ் நறுக்கிவிட வேண்டும். அலுப்பான வேலை. ஆனால் விட்ட வேர் அத்தனையும் நரம்பிழையைப் போர்த்தும் மயலின் குப்பையாகவும், அந்த உறையைச் செய்யும் ஷ்வான் செல்லாகவும் தட்டுக்கு வந்து சேரும். 0.125 சதவீத கொலாஜினேஸில் 37 பாகையில் ஒன்றரை மணி நேரம், புதுக் கரைசல் மாற்றி மறுபடி ஒன்றரை மணி நேரம். பிறகு 0.25 சதவீத டிரிப்சினில் 20 முதல் 30 நிமிடம். சீரம் சேர்த்து டிரிப்சினை நிறுத்தி, வாயைத் தீயில் காட்டி மழுங்கச் செய்த கண்ணாடிப் பிப்பெட்டில் மெல்ல உறிஞ்சி விட வேண்டும். குமிழி எழுந்தால் செல் கிழிகிறது என்று அர்த்தம். பத்துப் பன்னிரண்டு தடவையில் முடிச்சு கலையவில்லையென்றால் கொலாஜினேஸ் போதவில்லை. பிப்பெட்டின் மேல் கோபத்தைக் காட்டிப் பயனில்லை.

கலைந்த கலவையை 15 சதவீத பி.எஸ்.ஏ. (மாட்டு சீரத்தின் அல்புமின் புரதம்) கரைசலின் மேல் படர விட்டு, குறைந்த வேகத்தில் சில நிமிடம் சுழற்றினால் கனமான நரம்பு செல்கள் அடியில் இறங்கும், மயலின் மேலேயே நிற்கும். பாலிஆர்னித்தீனும் லாமினினும் பூசிய தட்டில் அவற்றைப் பரப்பலாம். லாமினினைக் குளிர்பெட்டிச் சூட்டில் மெதுவாக உருக்க வேண்டும். அவசரப்பட்டால் கட்டிதட்டிவிடும். பூசிய பின் உலர விட்டாலும் போச்சு, செல்கள் உருண்டையாகவே நின்றுவிடும். மறுநாள் முதல் 10 மைக்ரோமோலார் சைட்டோசின் அராபினோசைடு சேர்த்தால் பெருகும் செல்கள் அடங்கும்.

"என்.ஜி.எஃப். இல்லாத தட்டு" என்ற பேச்சு இங்கேதான் ஏமாற்றும். மீடியத்தில் நாம் சேர்க்கவில்லை, சரி. ஆனால் மிஞ்சியிருக்கும் ஷ்வான் செல்லும் துணைச் செல்லும் தாமே என்.ஜி.எஃப். சுரக்கும். சீரம் கலந்த மீடியமானால் அதில் என்னென்ன இருக்கிறது என்பது புட்டிக்குப் புட்டி வேறுபடும். உண்மையாகவே இல்லாத தட்டு வேண்டுமென்றால் சீரத்துக்குப் பதில் என்2 போல உட்பொருள் தெரிந்த கலவையும், என்.ஜி.எஃப்.-ஐ முடக்கும் ஆன்டிபாடியும் சேர்க்க வேண்டும். ஆன்டிபாடியின் கட்டுப்பாட்டுக்கு, அதே விலங்கின் சாதாரண இம்யூனோகுளோபுலினை அதே அளவில் இன்னொரு தட்டில் சேர்க்க வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டு "என்.ஜி.எஃப்.-க்கு விளைவே இல்லை" என்று முடிவு கட்டினால் அது இரண்டு என்.ஜி.எஃப். தட்டுகளை ஒப்பிட்டதாகத்தான் ஆகும்.

கொடுக்கும் அளவையும் பார்ப்போம். மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் என்பது 26 கிலோடால்டன் ஜோடிக்குக் கிட்டத்தட்ட 4 நானோமோலார். என்.ஜி.எஃப்.-ஐ இறுகப் பிடிக்கும் ஏற்பித் தலங்கள் பாதி நிரம்ப 0.01 நானோமோலார் போதும். தளர்வாகப் பிடிப்பவை 1 நானோமோலார் அளவில் பாதி நிரம்பும். அதாவது வழக்கமான செய்முறை இரண்டையுமே நிரப்பித் தள்ளுகிறது. இறுகிய தலத்தின் கணக்கில் அது நானூறு மடங்கை நெருங்குகிறது. அந்த உச்சியில் நின்றுகொண்டு "கூடுதலாகக் கொடுத்தும் மாற்றமில்லை" என்றால் அதில் வியப்பில்லை.

வாங்கும் புட்டியின் மேல் எழுதியிருப்பதையும் படிக்க வேண்டும். சுண்டெலிச் சுரப்பியிலிருந்து எடுக்கும் 7எஸ் வடிவம் சுமார் 130 கிலோடால்டன் தொகுப்பு, அதில் செயல்படும் பீட்டா ஜோடி ஐந்தில் ஒரு பங்குதான். ஜோடி மட்டுமே உள்ள 2.5எஸ் வடிவிலிருந்து 7எஸ்-க்கு மாறி அதே 100 நானோகிராம் போட்டால் உண்மையில் 20 நானோகிராமே போட்டிருக்கிறோம். 7எஸ் தொகுப்பின் காமா உறுப்பு புரதத்தை வெட்டும் நொதி என்பதையும் மறக்கக் கூடாது. மேலும் என்.ஜி.எஃப். பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. 0.1 சதவீத பி.எஸ்.ஏ. கலந்த கரைசலில்தான் நீர்க்க வேண்டும். ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து உறைய வைக்க வேண்டும். உருக்கி உருக்கி உறைய வைத்த குப்பியில் எழுதியிருக்கும் எண்ணுக்கும் உள்ளிருக்கும் வீரியத்துக்கும் சம்பந்தம் இருக்காது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. முடிச்சைப் பிரித்தெடுக்கும்போது ஒவ்வொரு செல்லின் இழையையும் நாம் வெட்டிவிடுகிறோம். ஆகவே என்.ஜி.எஃப். இல்லாத தட்டில் இருப்பது இயல்பான செல் என்று சொல்ல முடியாது, அது நரம்பு அறுந்த செல். 100 நானோகிராம் ஊற்றிய தட்டில் இருப்பதோ அழற்சியில் குளித்த செல். இயல்பான தோலோடு இணைந்திருந்த செல் இவை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எந்தத் தட்டை "கண்ட்ரோல்" என்று அழைத்தாலும் இதை மனத்தில் வைத்தே அழைக்க வேண்டும். சில நானோகிராம் முதல் 100 வரை நாலைந்து படிகளாகக் கொடுத்து வளைகோடு வரைவதே நேர்மையான வழி என்பது என் உறுதியான கருத்து.

இருப்பும் வெளியீடும்

பெப்டைடு வெளியீட்டை அளப்பது பார்க்க எளிது. 0.1 சதவீத பி.எஸ்.ஏ. சேர்த்த ஹெப்பிஸ் கரைசலில், 37 பாகையில், தட்டைக் கழுவ வேண்டும். கரைசலை மாற்றும் அசைவே கொஞ்சம் பெப்டைடை வெளியேற்றும் என்பதால் முதல் கழுவலைக் கொட்டிவிட வேண்டும். பிறகு பத்து நிமிடம் அடிப்படை அளவு, பத்து நிமிடம் 30 நானோமோலார் கேப்சைசின் அல்லது 50 மில்லிமோலார் பொட்டாசியம், பத்து நிமிடம் மீட்சி. கடைசியில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செல்லைக் கரைத்து மிச்ச இருப்பை அளக்க வேண்டும். பொட்டாசியத்தைக் கூட்டும் அளவுக்குச் சோடியத்தைக் குறைக்க மறந்தால் சவ்வூடு அழுத்தம் ஏறிவிடும். சப்ஸ்டன்ஸ் பி-யைச் சிதைக்கும் நெப்ரிலைசின் நொதியைப் பாஸ்போரமிடான் கொண்டு தடுக்க வேண்டும். அதன் கடைசி மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் வால் முனையை அடையாளம் காணும் ஆன்டிபாடி ஏமாந்துவிடும். பெப்டைடு இருக்கும், அளவீட்டில் குறையும். அமில மாதிரியை நடுநிலையாக்காமல் எலிசாவில் ஊற்றுவது இன்னொரு பழைய தவறு.

எண்கள் வந்த பிறகுதான் உண்மையான சிக்கல். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், எண்கள் வெறும் உதாரணத்துக்கு. என்.ஜி.எஃப். இல்லாத கிண்ணத்தில் மொத்த இருப்பு 1000 ஃபெம்டோமோல், கேப்சைசினுக்கு வெளியே வந்தது 100. என்.ஜி.எஃப். கொடுத்ததில் இருப்பு 2500, வெளியே வந்தது 500. வெளியீடு ஐந்து மடங்கானது என்று எழுதிவிடலாம், பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஐந்துக்குள் இரண்டு வேறு செய்திகள் இருக்கின்றன. இருப்பு இரண்டரை மடங்கானது. இருப்பில் வெளியேறும் பங்கு பத்திலிருந்து இருபது சதவீதமாகி இரட்டித்தது. முதலாவது உட்கருவின் வேலை. இரண்டாவது வாய்க்காலின் வேலையாக இருக்கலாம், பை சவ்வோடு கலக்கும் இயந்திரத்தின் வேலையாகவும் இருக்கலாம். இங்கேதான் பொட்டாசியம் உதவுகிறது. அது டி.ஆர்.பி.வி.1 பக்கமே போகாமல் செல்லை நேராக மின்னிறக்கம் செய்யும். பொட்டாசியத்துக்கு இரண்டு கிண்ணத்திலும் ஒரே பங்கு வெளியேறி, கேப்சைசினுக்கு மட்டும் பங்கு இரட்டித்தால், மாறியது வாய்க்கால். இரண்டுக்கும் இரட்டித்தால் வெளியேற்றும் இயந்திரத்தையே பார்க்க வேண்டும். கேப்சைசின் மட்டும் போட்டு, வெளியீட்டை மட்டும் அளந்து, "என்.ஜி.எஃப். பெப்டைடு உற்பத்தியைக் கூட்டுகிறது" என்று தலைப்பு வைப்பது மூன்று கேள்விக்கு ஒரே பதிலை எழுதுவது.

எதனால் வகுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். கிண்ணத்தின் மொத்தப் புரதத்தால் வகுத்தால் ஷ்வான் செல் பெருகிய கிண்ணத்தில் பெப்டைடு குறைந்தது போலத் தோன்றும். நரம்பு செல்களை எண்ணித்தான் வகுக்க வேண்டும். கொஞ்சம் நேரமாகும், வேறு குறுக்கு வழி தெரியவில்லை.

உள்வழிகளில் பெப்டைடு இருப்பைக் கூட்டும் வேலையில் ராஸ்–மெக்–எர்க் பாதைக்குப் பெரிய பங்குண்டு. மெக் கைனேஸைத் தடுத்தால் என்.ஜி.எஃப். கூட்டிய சி.ஜி.ஆர்.பி. அடங்குகிறது. இன்னொரு திசையிலிருந்தும் சான்று உண்டு. நியூரோஃபைப்ரோமின் என்ற புரதம் ராஸை அணைத்து வைக்கும். அதன் மரபணுவில் ஒரு பிரதி இல்லாத சுண்டெலியின் உணர்வு செல்கள், தூண்டினால் இயல்பானவற்றைவிட அதிக சப்ஸ்டன்ஸ் பி-யும் சி.ஜி.ஆர்.பி.-யும் வெளியிடுகின்றன. தடுப்பு மருந்துகளைப் பயன்படுத்தும்போது முதல் நாளிலிருந்தே போட்டு ஏழாம் நாள் அளந்தால், பாதையைத் தடுத்தோமா, செல்லை நலிய வைத்தோமா என்று தெரியாது. என்.ஜி.எஃப். இல்லாத செல்லுக்கும் அதே மருந்தைக் கொடுத்த கிண்ணம் ஒன்று பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

என்.ஜி.எஃப். எல்லா உணர்வு செல்லுக்கும் பேசுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறந்த முதல் மூன்று வாரங்களில், கருவில் டிர்க்-ஏ வைத்திருந்த வலி செல்களில் பாதியளவு அதை விட்டுவிட்டு ரெட் என்ற ஏற்பிக்கு மாறி, ஜி.டி.என்.எஃப். என்ற வேறொரு வளர்ச்சிக் காரணியைக் கேட்க ஆரம்பிக்கின்றன. ஐ.பி.4 லெக்டினால் சாயமேறும் செல்கள் பெரும்பாலும் இவைதான். நரம்பு வெட்டுப்பட்டு இவற்றில் பி2எக்ஸ்3 ஏற்பி குறையும்போது அதை மீட்பது ஜி.டி.என்.எஃப். டிர்க்-ஏ செல்களிலோ என்.ஜி.எஃப். ஏறினால் பி.டி.என்.எஃப். ஏறுகிறது. ஒரு வளர்ச்சிக் காரணி இன்னொரு வளர்ச்சிக் காரணியைச் சேதிப் பொருளாகத் தயாரிக்கச் சொல்கிறது. அந்த பி.டி.என்.எஃப். முதுகுத்தண்டில் வெளிவந்து அடுத்த செல்லின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை முடுக்குகிறது.

மனித உடலில்

பெயரை நம்பியதன் விலையை மருத்துவத்திலும் பார்க்கலாம். நீரிழிவில் நுண்நரம்புகள் நலிகின்றன. வளர்ச்சிக் காரணி கொடுத்தால் மீளுமே என்ற நம்பிக்கையில் மனித என்.ஜி.எஃப். ஊசி தயாரானது. ஆரோக்கியமானவர்களிடம் சோதித்தபோதே, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் கொடுத்தால் தசைகள் வலித்தன, ஊசி போட்ட இடம் தொட்டாலே கூசியது. வலி தந்ததால் அளவை 0.1-க்கு மேல் ஏற்ற முடியவில்லை. வாரம் மூன்று முறை, 48 வாரம், 1019 நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2000-இல் வெளிவந்தது: குறிப்பிடத்தக்க பலன் இல்லை. கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் நரம்பை வளர்க்கப் போதாமல், வலியை உத்தரவிடப் போதுமானதாக இருந்தது.

எதிர்த்திசையில் போனவர்கள் என்.ஜி.எஃப்.-ஐப் பிடித்து முடக்கும் டானெசுமாப் என்ற ஆன்டிபாடியைச் செய்தார்கள். மூட்டுத் தேய்மான வலி குறைந்தது. பெயரின்படி நரம்புகள் மடிந்திருக்க வேண்டும், லிண்ட்சேயின் தட்டு சொன்னபடி மடியவில்லை. ஆனால் சிலருக்கு மூட்டு விரைவாகச் சிதைந்தது. 2010-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதனைகளை நிறுத்தி வைத்தது. பின்னர் தொடர அனுமதி கிடைத்தும், 2021 மார்ச்சில் அதன் ஆலோசனைக் குழு 19-க்கு 1 என்ற வாக்கில் மருந்துக்கு எதிராக நின்றது, அந்த ஆண்டே முயற்சி கைவிடப்பட்டது. பூனைக்கும் நாய்க்கும் இதே வகை ஆன்டிபாடிகள் இன்று மருந்தாக இருக்கின்றன. என்.ஜி.எஃப். கட்டளையிடும் சி.ஜி.ஆர்.பி.-யைக் குறி வைத்த ஆன்டிபாடிகள் 2018 முதல் ஒற்றைத் தலைவலிக்குப் பயன்படுகின்றன.

கருவில் நடப்பதற்கும் மனிதச் சான்று உண்டு. டிர்க்-ஏ மரபணு பழுதான குழந்தைகள் வலியே உணராமல், வியர்க்காமல் பிறக்கிறார்கள். 1996-இல் இந்தக் காரணம் தெரிந்தது. அவர்களிடம் நடந்தது நரம்பு செல் பேசும் மொழி மாறியது அல்ல. அந்த நரம்புகளே தங்கவில்லை. பிறவியில் இல்லாமல் போவதும், வளர்ந்த பிறகு நிறுத்துவதும் எவ்வளவு வேறு என்பதை இதற்கு மேல் தெளிவாகக் காட்ட முடியாது.

ஏழாம் நாள் தட்டை எடுத்து, ஒரு சாயத்தால் எல்லா நரம்பு செல்லையும், மற்றொரு சாயத்தால் சி.ஜி.ஆர்.பி.-யையும் காட்டிப் பார்க்கலாம். என்.ஜி.எஃப். கொடுத்த கிண்ணத்தில் சிறிய, நடுத்தர செல்கள் பளிச்சென்று எரியும், இழை நெடுகப் பெப்டைடு மணிமணியாகக் கோத்திருக்கும். ஆன்டிபாடி போட்டு என்.ஜி.எஃப்.-ஐ முழுக்க எடுத்துவிட்ட கிண்ணத்தில் முதல் சாயத்தில் செல்கள் அதே வடிவில், இழை நீட்டியபடி, உயிரோடு நிற்கும். இரண்டாம் சாயத்துக்கு மாற்றினால் அவற்றில் பலவும் மங்கலாகத்தான் தெரியும்.